கொம்பனின் நெற்றி

ஷாஹிஸ்தா முழந்தாளிட்டு அமர்ந்து, சாமி மேடையின் அடித்தட்டில் இருந்த இரும்புக் கட்டியைத் தொடலாமா என்று கண்களாலேயே கேட்டாள். மங்களம் தலையசைத்தாள். அந்தப் பெண்ணின் கை உடனே இரும்பின் மீது போய்விடவில்லை. முதலில் தன் நீண்ட சட்டையின் ஓரத்தில் விரல்களைத் துடைத்துக்கொண்டது. அதைக் கண்டதும் மங்களத்துக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. இரண்டு பாதிகளாகப் பிரிக்கக்கூடிய அந்த அச்சு, பார்வைக்கு ஒரு பெரிய பிஸ்கட் டின்னைவிடச் சிறியது. ஆனால் இருவர் சேர்ந்தால்தான் அதை நகர்த்த முடியும். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று இட்ட சந்தனமும் குங்குமமும் அதன் வெளிப்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பழைய சுவரின் சுண்ணாம்பைப் போலத் தடித்திருந்தன.

"ஆன்ட்டி, இதுக்குள்ளதான் இருக்கா அந்த மூஞ்சி?"

"இருக்கு. அவரு போனதுலேருந்து யாரும் தொறக்கல."

தேநீர்த் தட்டோடு வந்த மகள் தினேஸ்வரி, வாசற்படியிலேயே நின்று சிரித்தாள். "கதைய சொல்லிட்டாங்களா? ஒலகத்துலயே ரோபோவுக்குப் பொட்டு வெச்ச ஒரே ஆளு எங்கம்மாதான் லா. கொம்பப் பாத்ததும் மாட்டுப் பொங்கல்னு நெனச்சிட்டாங்க."

"போடி. வந்த புள்ளைக்குப் பசியாற ஏதாச்சும் எடுத்துட்டு வா மொதல்ல. வெறுந் தேத்தண்ணிய நீட்டிக்கிட்டு."

அது அவ்வீட்டின் பழைய கேலி. கணவர் பழனியப்பன் உயிரோடிருந்த காலத்தில் அவரும் சேர்ந்து சிரிப்பார். மங்களமும் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு உள்ளே ஏதோ ஒன்று மிச்சம் இருந்து உறுத்துவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஷாஹிஸ்தா ஈப்போ பெண்தான். அவளுடைய தகப்பனார் மீரா சாஹிப் பழைய நகரத்தில் உணவகம் நடத்துகிறார். அவள் மட்டும் கோலாலம்பூருக்குச் சென்று, பழைய விளையாட்டுப் பொம்மைகளை உரியவர்களின் அனுமதியோடு மீண்டும் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தனக்குக் கிடைத்த ஒரு பொம்மைத் தலையின் படத்தை அவள் கைப்பேசியில் காட்டினாள். உடல் இல்லாத தலை. சாம்பல் நிற முகம், வண்ணம் தீட்டாத கண்கள், இரு பக்கமும் எழுந்து வளைந்த கொம்புகள். அக்கொம்புகள் பிரியும் இடத்தில், நெற்றியின் நடுவில், ஒரு புள்ளி இருந்தது. கடுகைவிடச் சற்றே பெரியது. வட்டமாகவும் வழவழப்பாகவும் இருந்தது. பொம்மை சேகரிப்பவர்கள் எல்லோரும் அதைக் கள்ளச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டார்களாம். அவள் ஒருத்தி மட்டும் அந்தப் புள்ளியைப் பின்தொடர்ந்து, சந்தைக்காரரிடம் தொடங்கி, ஈப்போவை அடுத்த லகாட்டில் அந்தத் தலையை வார்த்த தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களை ஒவ்வொருவராக விசாரித்து, இறுதியில் சிலிபினில் இருக்கும் இந்த வீட்டை வந்தடைந்திருந்தாள்.

மங்களம் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அந்தக் காலத்தில் தொழிற்சாலை மேலாளர் தூக்கிக் காட்டிய தலையில் அவள் கண்ட தழும்பு இப்படி இருக்கவில்லை. அது ஓரம் பிய்ந்து, ஆறிவரும் புண்ணின் பொருக்கைப் போல இருந்தது. நாற்பது ஆண்டுகளில் நினைவும் மாறிவிடும் போலும் என்று எண்ணிக்கொண்டு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பழைய ரோபோக்களுள் சில ஏன் மீண்டும் கடைக்கு வருவதில்லை என்பதை ஷாஹிஸ்தா ஒரு குடும்பக் கதையைப் போலச் சொன்னாள். சில அச்சுகள் இரும்பு விலை ஏறிய காலத்தில் எடைக்குப் போய் உருகிவிட்டனவாம். சிலவற்றை அடுத்த ஆண்டுப் பொம்மைக்காகக் குடைந்துவிட்டார்களாம். ஒரு வீரனின் மார்பு அவனுடைய எதிரியின் மார்பாகிவிட்ட பிறகு, குடைந்த எஃகைப் பழையபடி நிரப்ப யாராலும் முடியவில்லையாம். சிலவற்றுக்கு அச்சு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு நிறுவனங்கள் அது தன்னுடையது என்று வழக்காடிக்கொண்டிருக்கின்றன. ஜெங்காரோ என்னும் இந்த ரோபோவைப் பற்றி உலவும் கதைகளோ அதிகம். ஜப்பானிய நிறுவனத்திடம் உடலுக்கும் கை கால்களுக்கும் உரிய அச்சுகள் யாவும் பத்திரமாக இருக்கின்றன. தலை மட்டும் இல்லை. அது கப்பலோடு மூழ்கிவிட்டது என்பது ஒரு கட்சி. கிடங்கில் பற்றிய தீயில் போய்விட்டது என்பது மற்றொரு கட்சி.

"எல்லாரும் கடலுக்கு அடியில தேடிட்டு இருக்காங்க ஆன்ட்டி. இவரு என்னாடான்னா இங்க சிலிபின்ல சாமிக்குக் கீழ உக்காந்து சந்தனம் பூசிக்கிட்டு இருக்காரு."

மங்களம் வாய்விட்டுச் சிரித்தாள். ஷாஹிஸ்தா அதன் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். அச்சைச் சீர்செய்தால் ஜெங்காரோவை மீண்டும் வெளியிட அந்த ஜப்பானிய நிறுவனம் இசைந்துவிட்டது. நெற்றி பழையபடி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

"பெட்டிக்குள்ள ஒரு சின்ன விளக்கத் தாளு வெப்போம். தல மோல்ட இத்தன வருஷமா காப்பாத்துனது ஈப்போ பழனியப்பன்னு அதுல போட்டோவோட வரும். ஜப்பான்லதான் மொதல்ல விக்கப் போறோம்."

"ஜப்பான்லயா?" என்றாள் மங்களம்.

தினேஸ்வரி தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த தட்டை ஓசையின்றிக் கீழே வைத்தாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு லகாட்டில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் மணல் மேட்டில் அந்தத் தொழிற்சாலை நின்றது. கண், வாய், கொம்பின் நுனி என்று பல இடங்களில் மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்ட வேண்டியிருந்ததால், அதிகக் கூலி கேட்காத பெண்களின் கைகளைத் தேடித் தலை வேலை மட்டும் கடல் கடந்து வந்திருந்தது. பெட்டியில் ஜெங்காரோ என்று அச்சிட்டிருந்தாலும், பெண்கள் அதற்கு இட்ட பெயர் கொம்பன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த மங்களத்துக்கு அப்போது இருபது வயது. தோட்டத்தில் ஆயுத பூசையன்று பால் வெட்டும் உளிக்கும், பால் வாளிக்கும், ரப்பர்ப் பாளத்தை நசுக்கும் உருளைக்கும் பொட்டு வைப்பார்கள். உழைக்கின்ற எந்தப் பொருளும் அன்றைக்கு வெறுமையாக இருக்கக் கூடாது என்பதே அவள் அறிந்த முறை. தொழிற்சாலையிலும் அவ்வாண்டு மேலாளரிடம் அனுமதி பெற்று, வாயிலில் வாழை கட்டி, பொரியும் கடலையும் வைத்துப் படைத்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு இயந்திரம் இயந்திரமாகச் சென்ற மங்களம், கருவி அறையின் மேசையில் கொம்பனின் தலை அச்சு திறந்து கிடப்பதைக் கண்டாள். அவள் அதுவரை பார்த்த கருவிகளுள் முகம் உடைய கருவி அது ஒன்றுதான். முகம் இருக்கும்போது பொட்டை வேறெங்கே வைப்பது? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை நெற்றியில் இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தாள். மாலையில் யாரோ அச்சை மூடினார்கள். தீபாவளி விடுமுறை முடியும்வரை தலைக்கு வேலை வரவில்லை. மீண்டும் திறந்தபோது, கண்ணாடியைப் போல் மெருகிட்டிருந்த எஃகின் நெற்றியைத் துரு தின்றிருந்தது. அதன் பிறகு வார்த்த ஒவ்வொரு தலையிலும் குழி இருந்த இடத்தில் ஒரு மேடு எழுந்தது.

"சியாப்பா பூவாட்?" என்று மேலாளர் தலையொன்றை உயர்த்திக் காட்டி, யார் செய்தது என மலாயில் கேட்டார்.

மங்களம் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் இருந்து, துணியில் கை துடைத்துக்கொண்டே, கருவி அறையின் பழனியப்பன் சொன்னார்: "சாயா, பொஸ்." நான்தான் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முன்பு அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

துருவைத் தேய்த்து எடுக்கும்படி அவருக்கே ஆணையாயிற்று. சில நாள் அதனோடு மன்றாடி, ஓரிரு தலைகளை வார்த்தும் பார்த்துவிட்டு, அது போகாது என்று சொல்லிவிட்டார். வேண்டிய தலைகள் ஏற்கெனவே கப்பலேறிவிட்டிருந்தன; அடுத்த ஆண்டுச் சந்தை வேறு வடிவங்களைக் கேட்டது. ஆதலால் எவருக்கும் வேலை போகவில்லை. ஆயினும் கருவி அறையிலிருந்து ஒருவரைத் தை மாதம் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. அவர் பழனியப்பன்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நெற்றி பழையபடி ஆகாதவரை, பூசைக் குங்குமத்தை அச்சில் அப்பியவனை அனுப்ப மாட்டோம் என்று மேலாளர் கூறிவிட்டார். அப்பாவு என்பவர் போனார். பனியைப் பற்றிப் பேசிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு பினாங்கில் சொந்தப் பட்டறை வைத்தார். பழனியப்பனோ மங்களத்தை மணந்து, சில ஆண்டுகளில் கருவி அறையை விட்டு வெளியேறி, சிலிபினில் பள்ளிப் பேருந்து ஓட்டி, அந்தப் பேருந்து ஓட்டுநராகவே மூன்றாண்டுகளுக்கு முன் கண்ணை மூடினார்.

அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவளைத் தின்றது. தொலைக்காட்சியில் ஜப்பானைக் காட்டினால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். கையுறைத் தொழிற்சாலையில், ரப்பர் உறைகளில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பரிசோதிக்கும் வேலை கிடைத்தபோது, தனக்குத் தக்க தண்டனைதான் என்று நினைத்துக்கொண்டாள். ஓய்வு பெறும்வரை வெளிச்சத்துக்கு எதிரே உறையைப் பிடித்துக் குறையைத் தேடிக்கொண்டேயிருந்தாள். பழைய தொழிற்சாலையை மூடியபோது பழனியப்பன் இரும்பு வியாபாரியின் லாரியிலிருந்து அந்த அச்சை மீட்டு, பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்த்தி வீட்டுக்குக் கொண்டு வந்தார். போன வாழ்வைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று அவள் எண்ணினாள். எதுவும் கேளாமல் சாமி மேடையின் கீழே இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவர் யாரையாவது துணைக்கு அழைத்து அதைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போய், தனியே அமர்ந்து திறந்து துடைத்து, மசகு பூசி மூடுவார். "பொட்ட வெளிய வை. உள்ள நான் பாத்துக்கறேன்" என்பார். அவள் ஒரு முறைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவ தேச்சுப் பாக்கக் கூடாதாங்க?" என்று எப்போதாவது கேட்பாள்.

"அது போகாது மங்களம். விடு."

இப்போது அந்தப் பெண், போகும் என்கிறாள். புதிய இயந்திரங்கள் வந்திருக்கலாம். காலம் கடந்தேனும் அவருடைய பெயர் அந்த நாட்டுக்குப் போய்ச் சேரும். தான் வைத்த பொட்டைத் தானே அழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் அல்லவா?

"எடுத்துரும்மா. நல்லாத் தேய்க்கச் சொல்லு" என்றாள் மங்களம்.

சனிக்கிழமை காலையில் மூவரும் லகாட்டுக்குப் புறப்பட்டார்கள். ஷாஹிஸ்தாவோடு சேர்ந்து அச்சைப் பின் இருக்கையில் ஏற்றிய தினேஸ்வரி, அதற்கு இருக்கைப் பட்டையும் மாட்டினாள். "கொம்பனுக்கு பெல்ட்டு போட்டாச்சு ம்மா. போலீசு நிறுத்துனா எனக்கு அபராதச் சமன் வராது." ஷாஹிஸ்தா அதன் அருகில் அமர்ந்து, வளைவுகளில் எல்லாம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அச்சைச் சீர்செய்ய ஒப்புக்கொண்டிருந்த தர்மேந்திரனின் பட்டறை பழைய ஈயக் குட்டை ஒன்றின் கரையில் இருந்தது. அவர் ஐம்பதைக் கடந்தவர். குளியலறையில் தண்ணீர் மொள்ளும் காயோங்குகளை வார்த்து, அங்காடிகளுக்கு அனுப்புபவர். அன்றைக்கு ரோஜா நிறக் காயோங்குகள் மலையாகக் குவிந்திருந்தன.

"வாங்கக்கா. பசியாறிட்டீங்களா? இவருதான் அந்த வி.ஐ.பி.யா? இந்தச் சாமானுக்கு ரெண்டு ஆளு தூக்க, ஒரு ஆளு சூடம் காட்டணும் போல."

"அண்ணே, பேச்சக் கொறச்சிட்டு மெதுவாத் தூக்குங்க. கீழ போட்டா ஜப்பான்காரன் ஒங்களத்தான் தேடிட்டு வருவான்" என்றாள் தினேஸ்வரி.

"வரட்டும் லா. வந்தா ரெண்டு காயோங் கொடுத்து அனுப்பிருவோம்."

அவர் பித்தளைக் கோலை இடுக்கில் வைத்துத் தட்டினார். மூன்றாண்டு மௌனத்துக்குப் பிறகு அச்சு ஒரு பெருமூச்சோடு பிரிந்தது. தேன் நிற மசகைத் துணியால் வழித்ததும் உள்ளே முகம் தோன்றியது. எஃகுக்குள் பள்ளமாக இறங்கிய முகம். ஆயினும் வெளிச்சத்தில் அது புடைத்திருப்பதைப் போலவே தெரிந்தது. மங்களம் ஒரு பக்கமாக நகர்ந்தாள். முகமும் திரும்பி அவளையே பார்த்தது. அவள் மறு பக்கம் நகர்ந்தபோதும் அது விடவில்லை.

தர்மேந்திரன் கண்ணில் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விளக்கை இழுத்துப் பக்கவாட்டில் பிடித்தார். நகத்தால் நெற்றியைத் தொட்டார். அவருடைய கேலி எங்கோ போய்விட்டிருந்தது.

"யாரக்கா சொன்னா இது துருன்னு?"

"துருதான் தம்பி. நான்தான் வெச்சேன். சந்தனத்த ஈரத்தோட வெச்சு மூடிட்டாங்க."

"மொதல்ல துருவா இருந்திருக்கும். இப்போ இது துரு கெடையாது. துரு தின்னா ஓரமெல்லாம் பிஞ்சு, பூச்சி அரிச்ச மாதிரி கெடக்கும். இது பாருங்க, சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கு. துருவச் சுத்தமா எடுத்துட்டு, உள்ளயே உருட்டி உருட்டித் தேச்சிருக்காங்க. அடி வரைக்கும் கண்ணாடி. மத்த எடத்தவிட இந்தப் பொட்டுலதான் கை வேல அதிகம்."

"இது போகாதுன்னு சொன்னாரே."

"யாரு, அண்ணனா?" தர்மேந்திரன் நிமிர்ந்தார். "இது ஆழமே இல்லக்கா. நெத்திய லேசாத் தேச்சுச் சமம் பண்ணா முடிஞ்சுது. அந்தக் காலத்துலயும் இதே கல்லுதான், இதே கைதான். இவ்ளோ நல்லா பாலிஷ் பண்ணத் தெரிஞ்சவருக்கு இத எடுக்கறது அரை நாள் வேல. எடுக்கறதவிட இப்படிச் செய்யறதுதான் சூசா, கஷ்டம்."

பட்டறையின் மறுகோடியில் இயந்திரம் காயோங் ஒன்றைத் துப்பிவிட்டு மூடிக்கொண்டது.

"குடு" என்று மங்களம் கையை நீட்டினாள். கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தாள். கையுறைகளின் ஊசித்துளைகளை ஆயுள் முழுவதும் தேடிய கண் அது, தேடியதும் கண்டுகொண்டது. பிய்ந்த ஓரம் இல்லை. கீறல் இல்லை. குற்றம் சொல்ல ஓர் இடமும் இல்லாத வட்டம். அதன் அடியில் விளக்கின் ஒளி, நீரில் விழுந்த நிலவைப் போல் ஒரு துளியாக நின்றது. அவள் வைத்த பொட்டு இவ்வளவு அழகாக இருந்திருக்க முடியாது. அவசரத்தில், மோதிர விரலால் அப்பிய பொட்டு அது. இந்த வட்டத்தை யாரோ நாள் கணக்கில் உட்கார்ந்து, ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

அவள் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, பின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.

குட்டையில் நீர் பச்சையாக, அசைவற்றுக் கிடந்தது. அக்கரையில் சுண்ணாம்புக் குன்று தலைகீழாகத் தெரிந்தது. அந்த ஆண்டின் நாள்கள் ஒவ்வொன்றாக அவளிடம் திரும்பி வந்தன. தை பிறந்ததும் தாய்மாமன் மகனுக்குத் தன்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்று, தொழிற்சாலை உணவகத்தில் தோழி கருப்பம்மாளிடம் சொல்லி அவள் அழுதது பூசைக்கு முந்திய வாரம். பக்கத்து மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் கோப்பியை ஆறவைத்துக்கொண்டேயிருந்தார், குடிக்கவில்லை. மார்கழியில் ஒரு மழை நாளன்று அவர் தோட்டத்து வீட்டு வாசலில் நனைந்துகொண்டு வந்து நின்று, அவளுடைய தகப்பனாரிடம் பெண் கேட்டார். அந்தத் தையில் அவர் ஜப்பான் போயிருந்தால்? திரும்பி வரும்போது அவள் எந்தத் தோட்டத்தில், யாருடைய வீட்டில் இருந்திருப்பாள்?

இதையெல்லாம் அவள் எத்தனையோ முறை நினைத்ததுண்டு. ஆனால் வேறு வரிசையில். தன் பிழையால் அவருடைய பயணம் நின்றது, நின்றதால் பெண் கேட்டு வந்தார், மீதியான வாழ்வில் தான் அவருக்கு மீதியாகக் கிடைத்தவள் என்றே அவள் இத்தனை காலமும் அடுக்கி வைத்திருந்தாள்.

பின்னால் தினேஸ்வரியின் காலடி கேட்டது.

"ம்மா."

"நாப்பது வருஷம்டி" என்றாள் மங்களம். "என்னாலதான் போச்சு, என்னாலதான் போச்சுன்னு தெனம் செத்தேன். ஜப்பான்னு யாராச்சும் சொன்னா சோறு எறங்காது எனக்கு. பக்கத்துலயே படுத்திருந்தாரே அந்த மனுஷன், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாரா? போகாதாம். விடணுமாம்."

"அப்பா ஒனக்குத் தெரியும்னு நெனச்சிருப்பாரு ம்மா."

"எப்படித் தெரியும்? மூடியில்ல வெச்சிருந்தாரு!"

"வருஷா வருஷம் தொறந்தாருல்ல. நீதான் பாக்க மாட்டேன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்ன."

மங்களம் மகளை முறைத்தாள். பிறகு, எதிர்பாராத விதமாக, சிரிப்பு வந்தது. அது பாதி வழியில் அழுகையாகி, மீண்டும் சிரிப்பாகியது. தினேஸ்வரி அருகில் நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பின், மங்களம் குட்டையைப் பார்த்து, "கல்லுளிமங்கன்" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அதைத் திட்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அவர்கள் உள்ளே திரும்பியபோது ஷாஹிஸ்தா அச்சின் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க வேணாம்னா வேணாம். நான் அவங்ககிட்ட பேசிப் பாக்கறேன், புள்ளியோடயே விடலாமான்னு. முடியாதுன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு எல்லாம் பழசு மாதிரியே இருக்கணும். இப்படியே விட்டா ஜெங்காரோ வராமலே போயிடும். அங்கிள் பேரும் வராது. அத ஒங்ககிட்ட நான் மறைக்கக் கூடாது."

"நீ எதுக்கும்மா மறைக்கப் போற? மறைச்சவரு வேற ஆளு."

மங்களம் அச்சின் அருகில் சென்றாள். பள்ளத்து முகம் மீண்டும் அவள் பக்கம் திரும்பியது. தேய்த்துவிட்டால் பழனியப்பன் என்னும் பெயர் ஆயிரமாயிரம் பெட்டிகளில் ஏறி அவர் போகாத நாட்டுக்குப் போகும். தேய்க்காவிட்டால், அவர் ஏன் போகவில்லை என்பதற்கு இந்த உலகில் இருக்கும் ஒரே சாட்சி இந்த எஃகில் இப்படியே இருக்கும். அதை அறிந்தவர்கள் இந்தப் பட்டறையில் நிற்கும் நால்வர் மட்டுமே. எது அவருக்குச் செய்யும் மரியாதை? அவரைக் கேட்டால் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். விடு என்பார். எதை விடச் சொன்னார் என்பதுதான் அவளுக்கு இத்தனை ஆண்டும் விளங்காமற்போயிற்று.

"தம்பி, தேய்க்கறதுக்கு முன்னால இதுல ஒண்ணு அடிச்சுக் காட்ட முடியுமா?"

"இப்பவா? மெஷின்ல காயோங் கலர்தான் இருக்கு, அக்கா."

"எந்தக் கலரா இருந்தா என்னா? பொட்டுதான பாக்கணும்."

அச்சைச் சுத்தம் செய்து இயந்திரத்தில் பூட்டுவதற்குள் வெயில் நடுவானைத் தாண்டிவிட்டது. தினேஸ்வரி சோற்றுப் பொட்டலங்கள் வாங்கி வந்தாள். காயோங் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். முதலில் வார்த்தது பாதி முகத்தோடு வெளிவந்தது. அடுத்ததற்கு ஒரு கொம்பு குறைந்தது. தர்மேந்திரன் வாய்க்குள்ளேயே எஃகைத் திட்டிக்கொண்டு சூட்டைக் கூட்டினார். பிறகு இயந்திரம் மூடியது. உள்ளே பிளாஸ்டிக் சீறிப் பாயும் ஓசை கேட்டது. சற்றுப் பொறுத்துத் திறந்தது. அவர் கையுறை மாட்டிய கையால் அதை எடுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, மங்களத்திடம் நீட்டினார்.

"அலா, கொம்பன் ரோஸ் கலர்ல கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கான் லா!" என்றாள் தினேஸ்வரி.

ஷாஹிஸ்தா சிரிக்கவில்லை. தலை முழுமையாக இருக்கிறதா என்று அவள் கண்கள் கொம்பு முதல் தாடைவரை ஓடி, பின்பு நெற்றியில் போய் நின்றன.

மங்களம் அதை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தினாள். எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக இருந்தது. கட்டைவிரலை நெற்றிக்குக் கொண்டுபோனதும் விரல் தானாகவே அந்த இடத்தைக் கண்டுகொண்டது: சின்னஞ்சிறு மேடு, பிசிறில்லாத வட்டம்.

தர்மேந்திரன் மேசை இழுப்பறையிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு தேய்கல்லை எடுத்து, எண்ணெயில் நனைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்னா சொல்றீங்க அக்கா? எடுத்துரவா?"

மங்களத்தின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. வார்ப்பின் சூடு இன்னும் ஆறாமல், காய்ச்சல் கண்ட நெற்றியைப் போல் அது அவள் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் விடியலில் பேருந்தை எடுக்கப் புறப்பட்ட பழனியப்பனுக்குத் திருநீறு பூசிவிட்டு, தூள் கண்ணில் விழாமலிருக்கச் செய்துவந்ததைப் போலவே, அவள் இடக்கையை வளைத்துக் கொம்பனின் கண்களை மறைத்தாள்; பிறகு குனிந்து, நெற்றியில் மெல்ல ஊதினாள்.